உம்மா வழி

"விசர்க் குளிசை திங்கிற பொம்புளையோட என்ட மகன் என்னத்துக்குக் கிடக்கணும்? இண்டைக்கு அவனக் கையோட கூட்டிட்டுப் போகத்தான் வந்த நான்."

கதிரையில் உட்காரும் முன்பே சபியா உம்மா மருமகளிடம் சொல்லிவிட்டாள். பாலமுனையில் பஸ் ஏறியவள், வழியில் கண்ணயர்ந்து, இறங்கவேண்டிய கல்முனையைத் தாண்டிப் பாண்டிருப்பில் இறங்கி, ஓட்டோ பிடித்துத் திரும்பி வந்திருந்தாள். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"அந்தக் கொண்டக்டர் ஒரு எருமை. எழுப்பினானா?"

நதீரா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"போன மாசம் உன்ட அலுமாரியில குளிசை அட்டையக் கண்டு, பாமசியில காட்டிக் கேட்டன். மனசு வருத்தத்துக்காம். எத்தின வருசமா மூடி மறைக்கிறாய்?"

"ரெண்டு வருசம், மாமி. இப்ப டொக்டர் குறைச்சிக்கிட்டு வாறார். கால்வாசிதான். ஒரேயடியா நிப்பாட்டினா தலை சுத்தும்."

"தலை சுத்துமாம்! இனிச் சுத்த என்ன இருக்கு? அந்த அறைக்குள்ள, கட்டிலடியில அதென்ன மெசின்? குழாயும் மூக்கு மூடியும்?"

"நித்திரையில மூச்சு நிண்டு நிண்டு வாற வருத்தத்துக்கு. அது காத்து அடிக்கும். பகலெல்லாம் கிடந்த சோர்வுக்கு அதுவும் ஒரு காரணமாம். போடத் தொடங்கி மூணு கிழமை. குறட்டையும் இல்ல, முகமும் தெளிஞ்சிட்டு."

"பொம்புள குறட்டை விடுறதா? வெக்கக்கேடு!" சபியா உம்மா மருமகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. "எங்க தெளிஞ்சிருக்கு? பேய் அறைஞ்ச மாதிரி இருக்காய்."

நதீரா தேத்தண்ணிக் கோப்பையை மாமியின் பக்கம் நகர்த்தினாள்.

"எல்லாம் உம்மா வழி. உம்மாட குடி, வம்சம்தானே புள்ளைக்கும்? உன்ட உம்மாட குடியில எவளுக்கோ விசர் இருந்திருக்கு. எங்கட குடியில இண்டு வரைக்கும் ஒருத்தருக்கும் மூளை பிசகினதில்ல!"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜும்ஆ முடிந்து வந்த றிஷாட், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றான். பொண்டாட்டியை நினைத்து வெட்கப்படுகிறான், பாவம் என்று சபியா உம்மாவுக்கு நெஞ்சு இளகியது.

"உடுப்ப எடு மகன். போவம்."

"இஞ்சேங்க," என்றாள் நதீரா, கணவனிடம். "நீங்க ஒண்டும் சொல்லல்லியா?"

றிஷாட் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நதீரா அறைக்குள் போய் ஒரு பையோடு வந்தாள். மெசின், குழாய், மூக்கு மூடி, குளிசை அட்டை எல்லாம் அதற்குள் இருந்தன. பையை மாமியின் மடியில் வைத்தாள்.

"சரி, கூட்டிட்டுப் போங்க. குளிசை காலையில கால்வாசி. மூக்கு மூடிய இறுக்கிக் கட்டிவிடுங்க மாமி, இல்லாட்டி நித்திரையில உங்கட மகனுக்கு மூச்சு நிண்டுரும். ரெண்டு வருசமா முழிச்சிருந்து பார்த்தவள் நான்."

சபியா உம்மா மகனைப் பார்த்தாள். அவன் இன்னும் தலையை நிமிர்த்தவில்லை.

"மறந்திட்டன் மாமி," என்றாள் நதீரா, ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டே. "நீங்களும் இருந்த இடத்துல தூங்கிப் போறீங்கண்டு இவர் சொன்னதும், டொக்டர் உங்களையும் ஒருக்கா வரச் சொன்னவர், இது உம்மா வழியிலயும் வருமாம்."