கூட்டுக்கு ஒரு ஓட்டை

கிணற்றை ஒட்டிய கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. காக்காயை விரட்ட, கரிச்சான் குருவி உச்சிக் கிளையில் காவல் இருந்தது. ஒருநாள் அது, "உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாம எப்படிக் காவல் காக்கறது? ஆளுக்கொரு ஓட்டை போடுங்க," என்றது.

செவந்திக் குருவியின் பக்கத்துக் கூட்டு அக்கா உடனே தன் கூட்டைக் கொத்த ஆரம்பித்தாள். "நம்மகிட்ட ஒளிக்க என்னடி இருக்கு?"

"முட்டை இருக்கே, அக்கா," என்றாள் செவந்தி. கரிச்சானிடம் பணிவாகச் சொன்னாள்: "அண்ணே, யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதுன்னுதானே வாசலைக் கீழே வச்சு நெய்யறோம். என் கூடு இப்படியே இருக்கட்டும்."

"அப்படின்னா உன்மேலதான் எனக்குச் சந்தேகம்," என்று முறைத்தது கரிச்சான்.

மறுநாள் அது ஒவ்வொரு ஓட்டையாகக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் காக்காய் இறங்கி, அக்கா வீட்டு ஓட்டைக்குள் அலகை நீட்டியது. இரை தேடித் திரும்பிய செவந்தி பதறிப்போய், "அண்ணே, பின்னாடி பாருங்க!" என்று கத்தினாள். கரிச்சான் பாய்ந்து விரட்டியது. கடவுள் புண்ணியம், முட்டை தப்பியது.

சாயங்காலத்துக்குள் எல்லாரும் பச்சைப் புல்லால் ஓட்டையை நெய்து அடைத்துவிட்டார்கள். செவந்தி நிம்மதியாக முட்டைமேல் உட்கார்ந்தாள். மேலே, எட்டிப் பார்க்க ஒன்றும் இல்லாத கரிச்சான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.