உள்ளங்கையில் ஒரு சில்வண்டு

கணவன் கப்பல் வேலைக்குப் போன நாளிலிருந்து அவனுடைய பச்சோந்தி எதையும் தின்னவில்லை. கையில் வைத்து நீட்டினால்தான் தின்னும் என்று பழக்கிவிட்டிருந்தான். மங்கையர்க்கரசி முட்டையைக்கூடத் தொட்டறியாதவள். ஆனாலும் அதைச் சாக விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். பச்சோந்திக்கு இரையாக அவன் வளர்த்த சில்வண்டுகளின் பெட்டியைச் சமையலறைக்கே கொண்டுவந்தாள். சாம்பாருக்கு நறுக்கும் கேரட்டில் முதல் துண்டு அவற்றுக்குத்தான்.

"ஒண்ணக் கொன்னுதான் இன்னொண்ணக் காப்பாத்தணுமா?" என்றார் மாமியார்.

"ரெண்டுக்கும் நான்தானே அத்தை சோறு போடறேன்? பட்டினியில எதுவும் சாகாது."

மாமியார் பக்கத்தில் நடந்தாலே பெட்டிக்குள் சத்தம் அடங்கிவிடும். முதலில் மங்கையர்க்கரசி மூடியைத் திறந்தாலும் அப்படித்தான். அந்த அமைதிக்குள் கைவிட்டு ஒன்றைப் பிடிப்பாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு பச்சோந்தியிடம் நீட்டுவாள். கை நடுங்கும். அது கிளையில் பின்வாங்கிவிடும். ஒட்டிப்போன அதன் வயிற்றைப் பார்த்துவிட்டு மறுநாளும் நீட்டுவாள்.

இன்று கண்ணை மூடுவதில்லை, கையை அசைப்பதில்லை என்ற வைராக்கியத்தோடு மூடியைத் திறந்தாள். கை உள்ளே போனது. சத்தம் அடங்கவில்லை. ஒரு சில்வண்டு தானாகவே அவள் விரலில் ஏறி, உள்ளங்கைக்கு வந்து, சிறகைத் தேய்த்துப் பாட ஆரம்பித்தது.

அப்படியே கிளையருகே கொண்டுபோனாள். ஆளுக்கொரு திசையில் அலைந்துகொண்டிருந்த பச்சோந்தியின் கண்கள் இரண்டும் மெல்லத் திரும்பி அவள் உள்ளங்கையில் குவிந்தன. அதன் வாய் திறந்தது.

கை நடுங்கவில்லை. பாட்டும் நிற்கவில்லை.