எருமையின் இடுப்பு வலி

நீங்கள் நம்பமாட்டீர்கள், இதை எனக்குச் சொன்னதே ஒரு கொக்குதான்.

ஒரு எருமைக்கு மூன்று கோடையாக இடுப்பு வலி. பச்சிலை கட்டியாயிற்று, சூடும் போட்டாயிற்று. மைல்கல்லில் உரசி உரசி அதிலிருந்த ஊர்ப்பெயரே அழிந்துபோயிற்று. வலி மட்டும் போகவில்லை. அது போன பிறகு குளத்துக்குப் போகலாம் என்று எருமை மரத்தடியிலேயே கிடந்தது.

ஒருநாள் காலையில் முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த கொக்கு சொன்னது: "அக்கா, குளத்தில் முழங்கால் தண்ணீர்தான் இருக்கிறது. நாலு நாள் போனால் சேறுகூட மிஞ்சாது."

"வலி போகட்டும்டா."

"அது எங்கே போகும்? உன்னைவிட நன்றாகத் தூங்குகிறது."

எருமை பெருமூச்சு விட்டது. பிறகு தன் இடுப்பைத் திரும்பிப் பார்த்து, "எழுந்திரு சனியனே, நீயும் வந்து தொலை" என்றது.

கூப்பிடு தூரம்தான். பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று, உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்தது. தண்ணீரில் மெல்லப் படுத்தது.

"போய்விட்டதா அக்கா?"

"இல்லை," என்றது எருமை, கண்ணை மூடியபடி. "கொஞ்சம் தள்ளிப் படுத்திருக்கிறது."

சாயங்காலம் மூன்று பேருமாகத் திரும்பி வந்தார்கள்.