புள்ளி வைத்த எழுத்து

அவள் மறுபடியும் எண்ணினாள்.

நாலு.

கூடத்தில் அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். அது அம்மாவின் தலைமேலேயே இருந்தது. அவள் சொல்லவில்லை.

எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள். பிறகு போனை எடுப்பாள். மகள் எழுதிய விமர்சனம் எதையும் அம்மா படிக்காமல் விட்டதில்லை.

இது காலையில்தான் வெளிவந்திருந்தது. 'ஊசிமுனை' தொடரின் விமர்சனம். அதே பெயரில் ஒரு காலத்தில் கிசுகிசு விற்ற வாரப் பத்திரிகை, அதை நடத்திய வாகீசன், அவர்மேல் விழுந்த வழக்குகள், இதுதான் தொடரின் கதை. பாதி விமர்சகர்கள், அவரைப் புனிதராக்கிவிட்டார்கள் என்று திட்டினார்கள். மீதிப் பேர் இத்தனை துணிச்சலான தொடர் தமிழில் வந்ததில்லை என்றார்கள்.

ஒரு காட்சியை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியருக்கு வாகீசன் கிசுகிசு எழுதக் கற்றுக்கொடுக்கும் காட்சி. பெயரைப் போடாதே. எத்தனை எழுத்து என்று மட்டும் போடு. ஆனால் புள்ளி வைத்த எழுத்தை எண்ணாதே.

மற்றவர்கள் அதில் நடிப்பைப் புகழ்ந்தார்கள். அவளுக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. எந்தப் பொருளையும் கழற்றி, எப்படி ஓடுகிறது என்று காட்டாவிட்டால் அவளுக்கு ஆறாது. தொடரை எழுதியவரையே கூப்பிட்டுக் கேட்டாள். நிஜம்தான், அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர் சொன்னது என்றார் அவர்.

ஒரு முழுப் பத்தி எழுதினாள்.

கற்பகம் என்றால் நமக்கு ஐந்தெழுத்து. ஊசிமுனைக்கு மூன்று. சில பாவகைகளில் புலவர்கள் புள்ளி எழுத்தை விட்டுவிட்டுத்தான் எண்ணுவார்கள். தமிழ் படித்த வாகீசன் அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். உள்விவரம் தெரிந்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். வழக்கு என்று வந்தால், எண்ணிப் பாருங்கள், இது இவர் இல்லையே என்று நீதிமன்றத்தில் கையை விரித்துவிடலாம்.

காலையிலிருந்து அந்தப் பத்திதான் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆளாளுக்குப் பழைய நடிகைகளின் பெயர்களை எண்ணினார்கள். அவளும் விளையாட்டாகத் தன் பெயரை எண்ணினாள்.

பிறகு அம்மாவின் பெயரை.

தமயந்தி.

கல்யாணத்துக்கு முன்பு அம்மா திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். குழுவில் பெண்கள் இரண்டே பேர். அம்மாவும் சுகந்தியும். திருச்சி மேடைகளில் கூவும் நாலெழுத்துக் குயில் யாரோடு எந்த ஓட்டலில் தங்கியது என்று ஊசிமுனை ஒரு வாரம் எழுதியது. அம்மாவுக்கு நிச்சயம் ஆகியிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

அத்தனை பேர் முன்னாலும் அம்மா விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்.

"எனக்கு அஞ்செழுத்துங்க. சிவபெருமான் கணக்கு. நாலுக்கு வேற ஆளப் பாருங்க."

பார்த்தார்கள்.

சுகந்தி சரியாக நாலு.

அம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது. அவள் பிறந்தாள். சுகந்தி அதன்பிறகு மேடை ஏறவில்லை. எந்த ஊருக்குப் போனாள் என்றுகூட யாருக்கும் தெரியாது.

விசேஷ வீடுகளில் அம்மா இந்தக் கதையைச் சொல்வாள். சிவபெருமான் வந்ததும் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும், "பாவம் சுகந்தி. எழுத்து அப்படி அமைஞ்சிருச்சு" என்பாள்.

ஊசிமுனை எழுதியது முழுப் பொய்யாகவே இருக்கலாம்.

ஆனால் அது யாரைப் பற்றிய பொய் என்பது இன்று காலை மாறிவிட்டது.

அவள் சமையலறைக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். விமர்சனத்தை வெளியிட்ட தளத்தின் ஆசிரியரைக் கூப்பிட்டாள்.

"சார், அந்தப் புள்ளிப் பத்தியை மட்டும் எடுத்துடலாமா?"

"ஏம்மா, ஓடுறதே அதுதானே. அதுல தப்பு எதாச்சும் இருக்கா?"

தப்பு எதுவும் இல்லை.

அம்மா தொடரைப் பார்க்கப் போவதில்லை. அந்தப் பேரைக் கேட்டாலே ஆகாது, நீ எழுது, நான் படிச்சுக்கறேன் என்று சொல்லியிருந்தாள்.

கூடத்துக்கு வந்தபோது கண்ணாடி அம்மாவின் மூக்குக்கு வந்திருந்தது.

எழுத்தைப் பெரிதாக்க அம்மா திரையில் இரண்டு விரல்களை விரித்தாள். உதடு அசைய அசையப் படித்தாள்.

அவள் உட்கார்ந்தாள். எழுந்து மின்விசிறியைக் கூட்டினாள். காற்று அதிகமாகத் தெரிந்தது. குறைத்தாள்.

அம்மாவின் உதடு ஓரிடத்தில் நின்றது.

திரையைப் பின்னுக்குத் தள்ளி, அதே இடத்தை மறுபடியும் படித்தாள். பிறகு போன் இடது கையில் அப்படியே இருந்தது. மடியில் கிடந்த வலது கையில் கட்டைவிரல் மட்டும் அசைந்தது. சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கியது.

த. ம. ய.

அடுத்த எழுத்துக்கு உதடு அசைந்தது. விரல் அசையவில்லை.

பிறகு மோதிர விரலுக்குத் தாவி, அதன் அடிக்கணுவில் நின்றது.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"யாருக்கும் புரியற மாதிரி எழுதியிருக்கே."



அம்மா அவளைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் மீண்டும் சுண்டுவிரலின் அடிக்கு இறங்கியது.

சு.

க.

வெகுநேரம் கழித்து, தி.

மோதிர விரலுக்குப் போக எழுத்து மிச்சமில்லை.