கருப்பருக்குத் தெரியும்

“சூடத்தை ஏத்துங்க பூசாரி” என்றார் இஞ்சினியர் ஆத்மநாதன். “இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்.”

காண்ட்ராக்டர் வெள்ளைச்சாமி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கருப்பர் முன்னால் நின்றார். திருட்டுப் பட்டம் சுமந்து வந்தவர் மாதிரியே இல்லை. கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

இலுப்பூர்ப் பக்கத்துக் கண்மாய்க்குப் புது மடை கட்ட, பர்மிட்டில் நாற்பது மூட்டை சிமெண்டு வந்திருந்தது. மடைக்குப் போனது முப்பதுதான் என்று காவலாளி எண்ணிச் சொல்லிவிட்டான். ஐப்பசி மழையில் மடை பிளந்தால் ஊர் வயல் போகும், கூடவே ஆத்மநாதனின் வேலையும் போகும்.

பத்து மூட்டை எங்கே என்று மூன்று மாதமாகக் கேட்கிறார். மழையில் நனைந்து இறுகிப்போச்சு என்றார் வெள்ளைச்சாமி. மழையே பெய்யவில்லை. பிறகு, வண்டி குடைசாய்ந்துவிட்டது என்றார். வண்டிக்காரனைக் கூப்பிட்டு விசாரித்தால், “எப்பங்க?” என்று அவன் திருப்பிக் கேட்கிறான். மனுஷன் என்னதான் செய்வார்?

அதனால்தான் கருப்பர். ஆத்மநாதன் கிண்டியில் இஞ்சினியரிங் படித்தவர்தான். ஆனால் பிறந்தது ஆலங்குடி. கருப்பர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் எட்டு நாள் தாங்கமாட்டான் என்பது படிப்பினால் மாறுகிற சமாச்சாரமா என்ன?

சூடம் எரிந்தது.

“ம், சொல்லுங்க.”

வெள்ளைச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வந்த சிமெண்டுல ஒரு கைப்பிடிகூட நான் விக்கலை. எந்த மனுசன் வீட்டுக்கும் ஒரு மூட்டைகூடப் போகலை. போயிருந்தா இந்தக் கருப்பரு என்னையக் கேக்கட்டும்!”

பட்டென்று உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தார். அடப்பாவமே, ஒரு யோக்கியனைப் போய்ச் சன்னதி வரைக்கும் இழுத்துவிட்டோமே என்று ஆத்மநாதனுக்கு வெட்கமாகிவிட்டது. காவலாளிக்கு எண்ணத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

“மனசுல வச்சுக்காதீங்க வெள்ளைச்சாமி.”

“அட, அதை விடுங்க சார். அப்படியே இதுல ஒரு கையெழுத்து…”

சிமெண்டுக் கணக்குப் புத்தகம் அவர் கக்கத்திலேயே தயாராக இருந்தது. நாற்பது மூட்டையும் தம் நேர்ப்பார்வையில் முறைப்படி செலவாயின என்று எழுதி, ஆத்மநாதன் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

மை காய்வதற்குள் பூசாரி ஒரு பெரிய மாலையோடு வந்தார். கேட்காமலே ஆத்மநாதன் கழுத்தில் போட்டு, தலையில் பரிவட்டமும் கட்டிவிட்டார்.

“எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?”

“நல்லாக் கேட்டீங்க போங்க! கோயிலுக்குப் பின்னால வந்து புது மண்டபத்தைப் பாருங்க சார். பத்து மூட்டை சிமெண்டு குடுத்தவருக்குச் செய்யாம, மொத மரியாதைய வேற யாருக்குச் செய்யிறது?”

ஆத்மநாதன் மெல்லத் திரும்பி வெள்ளைச்சாமியைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக் கருப்பரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நான்… நான் எப்பய்யா குடுத்தேன்?”

“காண்ட்ராக்டரு அப்பவே சொன்னாரு, சார் வெளிய சொல்லிக்க மாட்டாங்கன்னு.” பூசாரி நெகிழ்ந்துபோய் அவர் நெற்றியில் திருநீறு பூசினார். “அதான், ஒங்க பேரைக் கல்லுலயே வெட்டிட்டோம் சார்.”