கூடத்து மூலையில் தாழி

ஆற்றங்கரை மேட்டில் பால்வண்ணம் பிள்ளை தம் கையாலேயே தோண்டி எடுத்த முதுமக்கள் தாழி அது. உள்ளே மண்ணோடு மண்ணாக ஒருத்தியின் எலும்புகள் இருந்தன. போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைக் கேட்டதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். "நம்ம முன்னோரை நான் ஏன் ஒளிச்சு வைக்கணும்?" என்று மனைவியிடம் வீராப்பாகச் சொல்லி, தாழியைக் கூடத்திலேயே விட்டிருந்தார் பிள்ளை.

இன்று வந்த மாப்பிள்ளையின் தாய் உலகம்மாள் அதன் அருகில் போய் நின்றாள்.

"இம்புட்டுப் பெரிய பானையில என்ன அண்ணாச்சி? பொண்ணுக்குப் போடுத நகையா?"

எல்லோரும் சிரித்தார்கள். கதவோரம் நின்ற மகள் மட்டும் தகப்பனைப் பார்த்தாள்.

"விதைநெல்லு," என்றார் பிள்ளை. நாக்குக் கூசியது.

"அப்போ லட்சுமில்லா இருக்கா."

உலகம்மாள் தாம்பாளத்துப் பூவை எடுத்துத் தாழியின்மேல் வைத்தாள். குங்குமம் இட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூட வந்த பெண்களும் கும்பிட்டார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்த மகளும் வந்து, நெற்றி தரையில் பட விழுந்து வணங்கினாள்.

பிள்ளையால்தான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்ப முடியவில்லை.