விருப்ப வரி

வரி கட்டுவது அவரவர் விருப்பம் என்றான பிறகு, எங்கள் ஊர்க் காவல் நிலையம் பெரும்பாலும் அரிசி ஆலை முதலாளி தாமோதரன் தந்த பணத்தில்தான் நடந்தது. தன் கணவனைத் தாமோதரனின் மகன் அடித்துக் கொன்றுவிட்டதாகப் புகார் கொடுக்க வந்தாள் செம்மலர்.

"நீங்க இதுவரைக்கும் எதுவுமே கட்டலையேம்மா?" என்றார் ஏட்டு.

"இஷ்டம் இருந்தா கட்டுங்கன்னுதானே சார் சொன்னீங்க?"

ஆய்வாளர் மங்கையர்க்கரசி புகாரை வாங்கிக்கொண்டார். அன்று மாலையே தாமோதரனின் மகனைப் பிடித்து லாக்கப்பில் அடைத்தார். ஊரே அவரைப் பாராட்டியது. தாமோதரன் பணத்தை நிறுத்தியபோது மட்டும் பாராட்டியவர்களில் ஒருவரும் வரி கட்ட முன்வரவில்லை. ஜீப்பை விற்றார்கள். ஏட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த மாதமே நிலையத்தை மூடவேண்டி வந்தது. காவலுக்கு ஆளில்லாததால் மங்கையர்க்கரசியே லாக்கப்பைத் திறந்துவிட்டார்.

அவன் வெளியே வந்து சட்டையை உதறிக்கொண்டான்.

"வெயில்ல நடந்தா போகப் போறீங்க மேடம்? கார் வந்திருக்கு, வீட்ல விட்டுடறேன்," என்றான், மரியாதையாக.